புளியில் ஊறிய கார்புரேட்டர்

எழுபதுகளின் நடுவுல, செங்கல்பட்டுல ஒரு வாடகை வீட்டுல நாங்க இருந்தப்போ நடந்தது இது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. பத்திர ஆபீஸ்ல வேலை பார்த்த எங்க வீட்டுக்காரர், கோவளத்துல ஒரு பாய் வீட்டுக் கொட்டகையில கிடந்த வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிளை லாரியில ஏத்திக்கிட்டு வந்து நின்னார். உப்புக்காத்து தின்னது போக மிச்சமிருந்த இரும்பு அது. "நாலே மாசம், இதுல உன்னை மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறேன்"னார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்னிக்குக் குழம்புல உப்பே போடலை.

நாலு மாசம் ஒரு வருஷமாச்சு. துருவைத் தேய்க்கவே ஒரு மாசம். பிஸ்டன் ரிங்குக்காக மெட்ராஸ் பழைய சாமான் கடைகள்ல அலைஞ்சது ரெண்டு மாசம். கழட்டினதையெல்லாம் துருப்பிடிக்காம இருக்க மீன் எண்ணெய் பூசி வைப்பார். வீடு பூரா நாத்தம். தெருப் பூனையெல்லாம் எங்க வாசல்லதான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கிற ஆளில்லை நான். தினமும் ஒரு பாட்டு பாடுவேன். அவர் சிரிச்சுக்கிட்டே ஸ்பேனரைத் திருகுவார்.

ஒருநாள் சாயங்காலம் இஞ்சின் உறுமுச்சு. ஒரு நிமிஷம்தான், நின்னுபோச்சு. ஆனா அப்போ அவர் முகத்தைப் பார்க்கணுமே. எனக்கே மனசு இளகிப்போச்சு. பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரை மட்டும் சுத்தம் பண்ணினா ஞாயித்துக்கிழமை கிளம்பிடலாம்னு, அதைக் கழட்டித் தட்டுல வச்சுட்டு மறுநாள் ஆபீஸ் போனார்.

அன்னிக்கு நான் பித்தளைப் பாத்திரமெல்லாம் புளி போட்டு ஊற வச்சிருந்தேன். நாமளும் கொஞ்சம் கை கொடுப்போம்னு, கறுத்துக் கிடந்த கார்புரேட்டரையும் அந்த உப்புப் புளித் தண்ணியில போட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஊறவிட்டு, செங்கல்தூள் வச்சுத் தேங்காய் நாரால அழுத்தித் தேச்சேன். குத்துவிளக்குக் கணக்கா மின்னுச்சு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைன்னு அப்போ தெரியலை.

அவர் வந்து எடுத்துப் பார்த்தார். புளி அரிச்சுப் பொடிப்பொடியா பள்ளம் விழுந்திருந்தது. உள்ளே ஓட்டையெல்லாம் செங்கல்தூள். அதுக்கு மாத்து கிடைக்கிறது குதிரைக்கொம்புன்னு எனக்கும் தெரியும். "நீயா தேச்சே?"ன்னார். தலையாட்டினேன். அவ்வளவுதான். திட்டியிருந்தா நாலு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். கை கழுவிட்டு வந்து பேசாம சாப்பிட்டார். மறுநாள் ஆபீஸ்ல வேலைன்னு ரொம்ப லேட்டா வந்தார். வண்டி பக்கமே போகலை.

எனக்குத் தாங்கலை. மூணாம் நாள் அவர் கிளம்பினதும் கார்புரேட்டரைப் பையில போட்டுக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி கோவளம் போனேன். பாய் வீட்ல வேற ஒண்ணு இருந்தா கால்ல விழுந்தாவது வாங்கிடணும். பாய் வெளியூர் போயிருந்தார். அவர் சம்சாரம், நான் யாருன்னு சொன்னதுமே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"உன் வூட்டுக்காரரு நேத்தே வந்தாரும்மா. வேற ஒண்ணு கீதான்னு கேட்டாரு. இன்னா ஆச்சுன்னா, நான்தான் புத்தி கெட்டுப்போயி புளித்தண்ணில ஊறப் போட்டுட்டேன்றாரு. எங்கூட்டு ஆம்பளைங்க இன்னும் சிரிச்சுகினு கீறாங்க."

அவ்வளவா பழக்கமில்லாதவங்க முன்னாடி என் தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டு, அசடா நின்னிருக்கார் மனுஷன். அங்கேயே அழுதுட்டேன். "அது நான் பண்ணது, அக்கா"ன்னேன். அவங்க சிரிப்பு நின்னுடுச்சு. "சரி, என்னோட இருக்கட்டும். அவரு சொன்னதே இருந்துட்டுப் போவட்டும். நாஸ்தா துன்னுட்டுப் போ"ன்னாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு பாய் எங்கேயோ தேடிப் பிடிச்சு ஒரு பழைய கார்புரேட்டரைக் கொடுத்தனுப்பினார். மகாபலிபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டி கடல் காத்து மூஞ்சியில அடிச்சப்போ, கோவளம் போனதைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை.

இன்னிக்கும் யாராவது அந்த வண்டியைப் பத்திக் கேட்டா, தன் முட்டாள்தனத்தால அது ரெண்டு மாசம் படுத்துடுச்சுன்னுதான் சொல்றார். நான் பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டிருப்பேன். என் மானத்தைத் தன் மானமா நினைச்சவருக்கு நேருக்கு நேரா ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருஷமா எனக்கு வெட்கம். இந்தப் பத்திரிகையில வாசகர் பக்கத்தை விடாம படிக்கிறவர் அவர், படிச்சே தெரிஞ்சுக்கட்டும்.