ஆயில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், பென்னாகரத்தில் நாங்கள் குடியிருந்த வீடு ஒகேனக்கல் ரோட்டை ஒட்டிய ஒரு மேட்டில் இருந்தது. வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிந்து இறங்கும். அந்தச் சரிவில்தான் என் கணவர் தன் காரை நிறுத்தி வைப்பார்.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய பழைய சீமைக் கார் அது. தரையோடு தரையாகப் போகும். பெங்களூரில் ஏதோ ஒரு வீட்டு ஷெட்டில் பல வருஷம் கிடந்ததை லாரியில் ஏற்றி வந்து, அங்கே இங்கே சாமான் தேடி, ஓட வைத்திருந்தார். உள்ளூரில் அறிவியல் வாத்தியாராக இருந்த மனிதருக்குப் பந்தயக் கார் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. அவர் சிரித்துக்கொள்வார். தர்மபுரி மெக்கானிக்குகளிடம் அதன் போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர் கிடையாது. அதனால் எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆயில் மாற்ற இறங்கினார். சூடாக இருந்தால்தான் பழைய ஆயில் முழுக்க வடியும் என்று பாப்பாரப்பட்டி வரை ஓட்டிவிட்டும் வந்தார். வேலி போட வாங்கி வைத்திருந்த கல் பலகைகளில் இரண்டை ஒரு முனையில் முட்டுக் கொடுத்துச் சாய்வாகப் போட்டு, வீட்டைப் பார்த்தபடி காரின் முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றினார். பின் சக்கரங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல்.

"வந்து பிரேக்க மிதிச்சிக்கிட்டு சும்மா ஒக்காரு. கை பிரேக் சரியா புடிக்கல."

"எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்களே."

"ஓட்டவா சொன்னேன்? மிதிக்கத்தான சொல்றேன். கியர்லயும் போட்டிருக்கேன், ஒண்ணும் ஆவாது."

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வாரம்தான், ஜாக்கி சரிந்து லாரிக்கு அடியில் மாட்டிய ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். அவர் மார்பில் கை வைத்தபோது, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இல்லை. அதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, வெறும் காலால் பிரேக்கை மிதித்தேன்.

அவர் பக்கவாட்டில் படுத்து உள்ளே நகர்ந்து போனார். எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பானர் உராயும் சத்தம், ஒரு முனகல், பிறகு அலுமினிய பேசினில் ஆயில் விழும் சத்தம். சூட்டு வாடை மேலே வந்தது. நாலு கண்ணாடியும் ஒரு பாட்டு டேப்பும் இருந்தால் சினிமாக் கார் மாதிரி இருக்கும் என்று கீழே இருந்தபடியே ஏதோ சொன்னார். என் காலுக்குக் கீழே பிரேக் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அழுத்தம் குறைக்கவில்லை. இருந்தும் அது போய்க்கொண்டிருந்தது, ஈர மண்ணில் கால் புதைவது போல. கடைசியில் தகரத்தில் முட்டி நின்றது. அப்போது பின்னால் 'நறுக்'கென்று ஒரு சத்தம். மழையில் ஊறிக் கிடந்த செங்கல் நொறுங்கிவிட்டது; கியரும் தாங்கவில்லை. கார் அசைந்தது.

"ஏங்க! வண்டி நவுருது!"

"மிதி!"

"மிதிச்சிட்டுத்தாங்க இருக்கேன்! அடி வரைக்கும் போயிருச்சு!"

அவர் கால்கள் உதைத்தன. வெளியே வரவில்லை. சாய்ந்த கல்லில் சக்கரம் பின்னால் உருள உருள வண்டியின் வயிறு கீழே இறங்குமில்லையா, அது அவர் தோளைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. சட்டையும் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது.

"தோள் மாட்டிக்கிச்சு. கேளு. கால எடுத்துட்டு மறுபடியும் மிதி. டக்குனு."

"எடுக்கறதா?"

"எடு! எடுத்து மிதிச்சாத்தான் பிரேக்கு வரும்!"

காலை எடுத்தால் வண்டி அவர் மேல் இறங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றியது. என் உடம்பில் அந்தக் கால் ஒன்றுதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது என்று நினைத்தேன். அதை எப்படி எடுப்பேன்? "எடு" என்று மறுபடி சொன்னார். இந்த முறை கத்தவில்லை. மூச்சு வாங்கிச் சொன்னார். அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. வார்டில் கேட்டிருக்கிறேன்.

மாதாவே என்று எடுத்தேன். மிதித்தேன். கார் ஒரு விரல்கடை பின்னால் போய் நின்றது. கீழே இருந்து ஒரு "ம்ம்" வந்தது. பிரேக் பிடித்தது. பிடித்த மறுகணமே மறுபடி இறங்கத் தொடங்கியது.

"யாராச்சும் வாங்க! கல்லு! கல்லு கொண்டாங்க!"

பக்கத்து வீட்டு அக்கா கன்னடம் பேசும் வீட்டிலிருந்து வந்தவர். என் தமிழில் பாதி அவருக்குப் புரியாது, அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. கல்லு மட்டும் இரண்டிலும் கல்லுதான். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவர் குழவியோடு ஓடி வந்தார்.

"ஏனாய்த்து? ஏனம்மா?" என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

"சக்கரத்துக்குப் பின்னால வைங்கக்கா!"

நான் இன்னொரு முறை எடுத்து மிதித்து, மூன்றாவது தடவை மிதிப்பதற்குள் மிளகாய் விழுதோடு அந்தக் குழவியைப் பின் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டார். திரும்பி ஓடி, கிடந்த பலகைக்கல் துண்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டு வந்து மற்றச் சக்கரத்துக்கும் வைத்தார். கார் நின்றது. நான் அப்போதும் காலை எடுக்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் வந்து, அக்கா வண்டியின் ஓரத்தை எக்கித் தூக்க, சட்டையைக் கிழித்து, இரண்டு காலையும் பிடித்து அவரை இழுத்து வெளியே போட்ட பிறகு, அக்காதான் என் முழங்காலைத் தொட்டு, "பிடு, பிடு" என்றார். விடு என்கிறார் என்று புரிந்தது.

விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். உடையவில்லை. தோள் கன்றியிருந்தது. வலது மணிக்கட்டில் சூடான ஆயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினேன். அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரெயின் பிளக்க மாட்டணும்" என்றார். ஆயில் வடிகிற துளையை மூடும் போல்ட் அது. "இல்லன்னா புது ஆயில் ஊத்த முடியாது."

"கெடக்கட்டும்."

"நாளைக்கு பாத்துக்கறேன்."

நாளைக்குக் காலையில் நான் டூட்டிக்குப் போய்விடுவேன். அவர் தனியாக, அந்தக் கையோடு, மறுபடியும் அடியில் போவார். சத்தியம் வாங்கினாலும் போவார். அந்தக் காரைப் பொறுத்தவரை அவர் அப்படித்தான்.

"நான் போறேன்" என்றேன். "இப்பவே. இவங்கல்லாம் இருக்கறப்பவே."

அவர் வேண்டாம் என்று கத்தினார். அக்காவின் வீட்டுக்காரர் போய், கிணற்று வடக்கயிற்றை எடுத்து வந்து காரின் முன்பக்கத்தை வேப்பமரத்தோடு கட்டினார். வண்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் அடுக்கி முட்டுக் கொடுத்தார். ரோட்டில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேசினில் கறுப்பு ஆயிலுக்குள் கைவிட்டுத் துழாவிப் பிளக்கை எடுத்தேன்.

அடியில் அவ்வளவு இருட்டாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எஞ்சினின் வயிறு என் மூக்குக்கு ஒரு சாண் மேலே, இன்னும் சூடாக, சொட்டிக்கொண்டு இருந்தது. கண்ணை மூடினால் அந்த லாரிக்காரரின் மார்பு வந்தது. திறந்தே வைத்திருந்தேன். என் கணவர் வெளியே மண்டியிட்டு என் கணுக்காலைப் பிடித்திருந்தார்.

"விரலாலயே திருகு. நேரா ஏறுதா பாரு. ஏறலன்னா வுட்டுட்டு வந்துரு."

இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை ஏறியது. ஸ்பானரால் முறுக்கும்போது வண்டி லேசாகக் குலுங்கியது, கயிறு முனகியது. முடித்ததும் நான் நகரும் முன்பே அவர் காலைப் பிடித்து இழுத்துவிட்டார். தலை முழுக்க ஆயில். அக்கா சீயக்காயும் சாம்பலும் கலந்து தேய்த்துவிட்டார். தேய்க்கத் தேய்க்கத்தான் அழுகை வந்தது.

பிரேக் சாமான் பெங்களூரிலிருந்து வரும் வரை கார் ஓடவில்லை. அதற்குள் அவரும் அக்காவின் வீட்டுக்காரரும் கொல்லையில் சமதளமான இடத்தில், ஆள் இறங்கி நின்று வேலை செய்யும் அளவுக்கு ஒரு குழி வெட்டிக் கல் கட்டினார்கள். அடுத்த முறை ஆயில் மாற்றிய நாளில் நான் வேண்டுமென்றே டூட்டி மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அது இன்னும் மோசம். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே அவர் சைக்கிளை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கழுவியும் போகாத கறுப்பு நகங்களோடு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"முடிஞ்சிச்சு. சாப்ட்டியா?" என்றார்.