பழைய சீட்டும் பாதிக் கட்டுரையும்

முதல் முறை அது வந்தபோது என் கையில் ஒரு குழந்தைக்கான பூச்சி மருந்து பாட்டில் இருந்தது. பங்குனி வெயில், காலை பதினொரு மணி. ஆரணியில் எங்கள் மருந்துக் கடைக்கு முன்னால் ஒரு தாய் நின்றிருந்தார். பாட்டிலை எடுத்துவிட்டேன், நீட்ட முடியவில்லை. நெஞ்சு தடதடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. இழுத்த மூச்சு பாதியில் நின்றது. இன்னும் ஒரு நிமிடத்தில் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அப்போது எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"இன்னாக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் அந்தத் தாய்.

பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கியது. எத்தனை மில்லி, எந்த வேளை என்று சொல்லி மருந்தைக் கொடுத்து அனுப்பினேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு முப்பத்திரண்டு வயது. மருந்தாளுநர் படிப்பு முடித்து, என் பெயரிலேயே உரிமம் வாங்கிக் கடை நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் சண்முகம் பட்டுச் சேலைக்கு டிசைன் அட்டை அடிப்பவர் (எந்த இடத்தில் பூ விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும், துளை போட்ட அட்டைகள்). ஊருக்கு நான் மெடிக்கல் அக்கா. தலைவலியிலிருந்து பிரசவத் தேதிவரை என்னிடம் கேட்பார்கள், நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். இதை எழுதுவது என்னைப் போல மருந்துக்கு நடுவே உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காக. நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதம் மட்டும் ஐந்து முறை வந்தது. ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தோம், நன்றாக இருந்தது. வேலூருக்குப் போய்த் தைராய்டு பார்த்தோம், ரத்தம் பார்த்தோம், அதிலும் குறையில்லை. "ஒண்ணும் இல்லம்மா, தைரியமா இருங்க" என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு யாராவது இப்படிப் பயப்படுவார்களா? நோய் இல்லை என்று கேட்ட பிறகு என் பயம் இரண்டு மடங்கானது. பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று நம்பத் தொடங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மருந்தாளுநர் சங்கத்தின் மாத இதழ் தபாலில் வந்தது. உரிமம் புதுப்பிக்கும் விவரம், தடைசெய்யப்பட்ட மருந்துகள், இறந்துபோன உறுப்பினர்களின் படங்கள், இவற்றுக்கு நடுவே மனநல மருந்துகள் பற்றி ஒரு பக்கம். அதில் பீதி நோய் (காரணமே இல்லாமல் திடீரென்று மரண பயம் கவ்வி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும் நிலை) என்று எழுதியிருந்தது. என்னைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது. என் நோய்க்குப் பெயர் இருக்கிறது. அன்று நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கட்டுரையின் கடைசி வரி, மனநல மருத்துவரை அணுகவும் என்றது. அந்த வரி எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கண்ணில் அது விழாது.

வைத்தியர் தேவையில்லை, மாத்திரைதான் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறதே. அல்பிரசோலம் (பதற்றத்தை உடனே தணிக்கும், பழக்கமாகிவிடக் கூடிய மருந்து). கடைகளில் மாத்திரைப் பட்டையை வெட்டிக் கொடுத்தால் ஒன்றிரண்டு மாத்திரை உள்ள துண்டுகள் மிச்சம் நிற்கும். அவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைப்போம். அந்த டப்பாவிலிருந்து அரை மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முக்கால் மணி நேரத்தில் உலகம் சாதாரணமானது. நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அரை ஒன்றானது, ஒன்று நாளுக்கு மூன்றானது, ஏழெட்டு மாதத்தில் வேளைக்கு இரண்டுகூடப் போதாமல் போனது. கணவருக்குத் தெரியாது. மாத்திரையின் வேகம் இறங்கும் நேரம் எனக்கு உடம்பிலேயே தெரியும். முதலில் உள்ளங்கை வேர்க்கும், பிறகு கழுத்து. ஊரில் யாராவது ஒரு மாத்திரை அதிகம் கேட்டால் அரை மணி நேரம் உபதேசம் செய்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த நாட்களில் மல்லிகா என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தேவிகாபுரத்தில் பட்டு நெய்கிறவள். கணவன் ஆரணியில் விசைத்தறிக்கு வேலைக்குப் போக, இவள் வீட்டில் தனியாகத் தறியில் உட்காருவாள். அவளுக்கும் அதே படபடப்பு. போளூர் டாக்டர் ஒருவர் இதே மாத்திரையைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாள் முடிந்தும் அந்தப் பழைய சீட்டோடு வந்து நின்றாள்.

"நெஞ்சு அடிச்சிகினே இருக்குதுக்கா. நாடா கைய விட்டு நழுவுது. குடுக்கா" என்றாள் (நாடா என்பது தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை).

சட்டப்படி கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். அவள் படும் பாடு எனக்குத் தெரியும் அல்லவா, இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாதாமாதம் அதே சீட்டு வந்தது. மடித்து மடித்து நான்காகக் கிழிந்த பிறகும் அதற்குக் கொடுத்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சங்க இதழ் வந்தது. இந்த முறை இந்த மாத்திரைகள் பற்றியே இரண்டு பக்கம். நினைவு மங்கும், அளவு ஏறிக்கொண்டே போகும், விட முடியாமல் அடிமையாக்கும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். முடிவில் தடித்த எழுத்தில், 'பாதுகாப்பாக நிறுத்தும் முறை அடுத்த இதழில்' என்று இருந்தது.

அடுத்த இதழுக்கு ஒரு மாதம் இருந்தது. அதுவரை விஷத்தைத் தின்பதா? அன்று மதியமே நிறுத்தினேன். பாதிக் கிணறு தாண்டியவள் கதிதான் என் கதி. ஆனால் நான் மட்டும் தாண்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று மாலை மல்லிகா வந்தாள். அவளுடைய சீட்டை வாங்கி மேஜை அறைக்குள் போட்டேன்.

"இனிமே இந்த மாத்திரைய தொடாத. இன்னியோட நிறுத்திடு" என்றேன்.

"திடீர்னு வுட்டா எப்படிக்கா? பேஜாரா இருக்குமே" என்றாள்.

"ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் சரியாப் போயிடும். நான் சொல்றேன், போ."

நான் சொன்னால் கேட்பாள். தலையை ஆட்டிக்கொண்டு வெறுங்கையோடு பேருந்துக்குப் போனாள்.

செவ்வாய் முழுக்க எனக்கு உடம்புக்குள் எறும்பு ஊர்ந்தது. புதன்கிழமை கடைக்கு வெளியே பேருந்தின் ஹாரன் காதைக் கிழித்தது. சட்டை நூல் தோலில் படுவதுகூட எரிந்தது. வியாழன் மதியம், இருமல் மருந்து கேட்டவருக்கு எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். வாயில் ரத்தம். கடையின் ஷட்டர் சாவியை யாரோ என் கைக்குள் திணித்து அழுத்திப் பிடித்திருந்தார்கள். வலிப்புக்கு (மூளையின் மின்னோட்டம் தாறுமாறாகி உடம்பு வெட்டி இழுப்பது) இரும்பு கொடுப்பது வீண் என்று அதே இடத்தில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஆனாலும் அந்தச் சாவியைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை வேலூரில் ஒரு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வந்து பார்த்தார். என்னைவிட வயதில் சிறியவர். இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். அது அன்றைக்கு உண்மைதான். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெடிக்கல் வச்சிருக்கீங்க இல்ல? எதை நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

கணவர் பக்கத்தில் நின்றார். சொன்னேன். டப்பாவையும் சொன்னேன், அளவையும் சொன்னேன். கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"தப்பா ஒரு துளை போட்டுட்டா அந்த அட்டைய நானே கொண்டாந்து உன்கிட்ட காட்டுவேன். நீ ஏன் காட்டல?" என்றார் சண்முகம்.

"இந்த மருந்தை திடீர்னு விட்டா வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறக்கணும்" என்றார் மருத்துவர்.

அப்போதுதான் மல்லிகா நினைவு வந்தாள்.

என் வாழ்க்கையில் வந்த பயங்களில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. பீதி வரும்போது சாவது நான். இது வேறு. அவள் குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பாள். பகலில் வீட்டில் யாரும் இல்லை. வலிப்பு வந்து மரத்தில் தலை மோதினால், குழிக்குள் சரிந்தால், கேட்பதற்கு ஆள் இல்லை. திங்கள் மாலையிலிருந்து வெள்ளி காலைவரை எண்ணிப் பார்த்தேன். எனக்கு வந்த நேரம் அவளுக்கும் கடந்துவிட்டிருந்தது.

"என்னங்க, தேவிகாபுரம் போங்க, தறி நெய்யற மல்லிகா வீட்டுக்கு. ஜல்தியா போங்க. அவ நிறுத்தியிருந்தா..." என்றேன். திங்கட்கிழமை அவளிடம் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன்.

வீட்டில் போன் இல்லாத காலம். அவர் வேலூரிலிருந்து ஆரணிக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து தேவிகாபுரத்துக்கு ஒரு பேருந்து பிடித்துப் போக வேண்டும். என் கையில் சலைன் ஊசி. ஜன்னல் வழியே எதிர்ச் சுவரில் வெயில் ஏறுவதைப் பார்த்துக் கிடந்தேன். கொடுத்ததும் இதே கை, பிடுங்கியதும் இதே கை என்று ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்தது. என்னைக் கொண்டுபோ, அவளை விட்டுவிடு என்று வேண்டினேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அவள் செத்துப்போயிருந்தால் எப்படி உயிரோடு இருப்பது என்ற பயம்தான் அப்படி வேண்டவைத்தது.

மாலை ஐந்து மணிக்குச் சண்முகம் கதவைத் திறந்தார். பின்னால் மல்லிகா, தலையில் கனகாம்பரத்தோடு.

"உங்க பேச்ச கேக்கலக்கா, மன்னிச்சிக்கோங்க" என்று அழுதாள். "ஒரு நா வுட்டுப் பாத்தேன், தாங்கல. எங்க ஊருக்குப் பக்கத்துல சேத்துப்பட்டு போயி வேற கடையில வாங்கிப் போட்டுகினேன். உங்க மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் வரல."

நான் சொன்னதைக் கேட்காததால் உயிரோடிருந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவருமே அந்த மருத்துவரின் நோயாளிகள். எங்கள் இரண்டு பேருக்கும் பீதிக்கு அடியில் மனச்சோர்வும் (நாள் கணக்காக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடக்கும் நோய்) இருந்தது என்றார். எனக்குச் சோர்வு என்றால் ஓய்வு வேண்டும் என்றுதான் தெரியும். காலையில் பல் துலக்கும் குச்சியே கனப்பதற்கு நோய் என்று பெயர் என்பது பல வருடம் மருந்து விற்ற எனக்குத் தெரியவில்லை.

புது மாத்திரை ஒன்று கொடுத்தார் (மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அளவைச் சீராக்குவது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்). பழையதைப் பிளேடால் கால் காலாக வெட்டிக் குறைக்க வேண்டும். என் பங்கைச் சண்முகம் தன் பட்டறையில் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை கொண்டுவந்து கொடுப்பார். பயம் வந்தால் கடையை விட்டு ஓடக் கூடாது, அது ஏறி இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பது இன்னொரு மருந்து. அதுதான் கசந்தது.

சங்க இதழின் அடுத்த பாகமும் வந்தது. நிறுத்தும் முறையைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். இப்படிப்பட்ட விஷயத்தைப் பாதியில் வெட்டாதீர்கள், நடந்தது இது என்று ஆசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம் போட்டேன். இடமின்மையால் பாதியைத்தான் போட்டார்கள்.

குறைக்கப் பத்து மாதம் ஆயிற்று. இரண்டு அடி இறங்கினால் ஒரு அடி ஏறினோம். மல்லிகா ஒரு முறை முழுசாகப் பழைய அளவுக்கே போய்விட்டாள். மாதம் ஒரு முறை இருவரும் சேர்ந்து வேலூர் பேருந்தில் போவோம். தாங்கவே முடியாவிட்டால் மட்டும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு மாத்திரை கைவசம் வைத்துக்கொள்ள மருத்துவர் அனுமதித்திருந்தார். அவளுடையதையும் என்னிடமே கொடுத்து வைத்திருந்தாள்.

கடைசித் துண்டுகளையும் விட்ட மாதம் அது. பேருந்து கண்ணமங்கலம் தாண்டியதும் மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். முகம் வேர்த்தது.

"அக்கா, வந்துடுச்சி. வண்டிய நிறுத்தச் சொல்லு. இல்லன்னா மாத்திரைய குடு."

பையைத் திறந்தேன். விரலில் மாத்திரை தட்டுப்பட்டது. கொடுக்கலாம், அனுமதி இருக்கிறது. கொடுத்தால் பத்து மாதம் போய்விடுமோ? கொடுக்காமல் அவளுக்கு ஏதாவது ஆனால்? இவள் விஷயத்தில் இரண்டு முறை தப்பு செய்த கை பைக்குள் அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ கேட்டா குடுத்துடறேன். தாங்கவே முடியலன்னா கேளு" என்றேன். "அதுவரைக்கும் பயந்துகினே இரு. நானும் பயந்துகினேதான் இருக்கேன்."

அவள் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில், அடித்துக்கொள்வது என் நாடியா அவளுடையதா என்று எனக்குத் தெரியாமல் போனது. அதுவரை என் உடம்பு நான் மட்டும் காவல் காக்க வேண்டிய வீடாக இருந்தது. நேரம் என்றால் அடுத்த வேளை மாத்திரைவரை உள்ள நேரம். அன்று பேருந்தில் அடுத்த வேளை என்று ஒன்று இல்லை. வயல் வந்தது, போனது. ஒரு பள்ளிக்கூடம் வந்தது, போனது.

"அக்கா, உங்களுக்குத்தான் ரொம்ப நடுங்குது. நீங்க வேணா போட்டுக்கோங்களேன்" என்றாள் மல்லிகா.

இருவரும் சிரித்தோம். பயம் போய்விடவில்லை, எங்களோடு வேலூர்வரை வந்தது. நான் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.