அனீஸ் போட்ட அம்புக்குறி

திருத்தணியில் அரக்கோணம் சாலையில் இருக்கும் காதர் ஒர்க்‌ஷாப்பைத் தெரியாதவர்கள் குறைவு. காதருக்கு முட்டி தேய்ந்து போனபிறகு கடையைப் பார்த்துக்கொண்டது மகன் அனீஸ்தான். வாரம் முழுக்கக் கிரீஸும் கையுமாக பைக்குகளுக்கு நடுவே கிடப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் பின்பக்கம் போய்விடுவான். வெயில் ஏறித்தான் திரும்புவான், கையில் சிராய்ப்பும் சட்டையில் முள் கிழிசலுமாக. கல்யாணமான புதிதில் மனைவி சபீரா, "இன்னாங்க இது, சின்னப் புள்ள மாதிரி" என்று முணுமுணுத்துப் பார்த்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு பழைய சட்டையை ஒதுக்கி வைத்துவிட்டாள்.

சைக்கிள், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து மாற்றலாகிப் போன ஒரு வடநாட்டுக்காரர் விற்றுவிட்டுப் போனது. தடித்த டயர், கியர், முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங். கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டலாம் என்றுதான் வாங்கினான். ஒருநாள் சும்மா மலைப்பக்கம் திருப்பியவனை, அது அப்படியே இழுத்துக்கொண்டது.

முருகன் மலைக்குப் படியேறியும் பஸ்ஸிலும் போகிற ஜனம் பார்க்கிற திருத்தணி வேறு, பின்பக்கத்துத் திருத்தணி வேறு. அங்கே கரும்பாறையும் சீத்தாப்பழப் புதரும் ஊசிப்புல்லும்தான். ஆடு போன தடம், விறகுக்குப் போனவர்களின் ஒற்றையடிப் பாதை, மூடிப்போன கல்குவாரிக்கு லாரி ஓடிய தடம் என்று எங்கெங்கோ தொடங்கி எங்கெங்கோ அறுந்துபோகும் வழிகள். அனீஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்னினான். முட்டுச்சந்தில் போய் நின்றால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவான். அடுத்த வாரம் வேறு பக்கமாக நுழைவான். இப்படி வருடக்கணக்கில் அலைந்து, மலையின் பின்சரிவிலிருந்து ஆர்.கே.பேட்டை சாலை வரை தார் ரோட்டில் கால் வைக்காமல் போகிற ஒரு வழியை உண்டாக்கிவிட்டான். உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கே நகரி மலையின் மூக்கு தெரியும். அங்கே ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, உட்காராமல் பெடல்மேல் நின்றபடி, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, பின்பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் பாறையில் இறங்கும்போது, ஒர்க்‌ஷாப்பும் கிடையாது, உலகமும் கிடையாது.

அந்த வழியில் அவனோடு கூட வந்த ஒரே ஆள் நாகேந்திரன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நாகேந்திரன் படித்து ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு வாத்தியாரானான். ஒரு மழைக்காலத்தில் அனீஸ் ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டு அரைமயக்கத்தில் கிடந்தபோது, நாகேந்திரன் இரண்டு சைக்கிளையும் புதரில் தள்ளிவிட்டு அவனை முதுகில் சுமந்தே ரோடு வரை கொண்டுவந்தான். வழி முழுக்க, "தூங்காதடா, ஏதாவது பேசிகினே இரு" என்று சொல்லிக்கொண்டு வந்தான். அந்த நாளுக்குப் பிறகு நாகேந்திரன் சொல்வது எதற்கும் அனீஸ் மறுபேச்சுப் பேசியதில்லை.

சென்னையிலிருந்து ராஜகோபால் என்பவர் வந்ததும் நாகேந்திரன் வழியாகத்தான். அவர் ஒரு சைக்கிள் குழு நடத்துகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களோடு அந்த வழியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பெரிய சவாரியே நடத்தலாம்" என்றார். தை மாதத்தில் ஒரு நாள் குறித்தார்கள். ஆட்களைச் சேர்ப்பது, பேனர், டீசர்ட், சாப்பாடு எல்லாம் நாகேந்திரன் பொறுப்பு. வழிக்குக் குறி போடுவது அனீஸ் பொறுப்பு.

அனீஸ் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வெள்ளைப் பெயிண்டோடு அலைந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் பாறையில் அம்புக்குறி போட்டான். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் ஓடைக்கு இறங்கும். வலதுபக்கம் பார்க்க அகலமாக, சுலபமாக இருக்கும், கொஞ்ச தூரத்திலேயே பழைய குவாரியின் விளிம்பில் போய் முடியும். கீழே வெட்டி எடுத்த பள்ளமும் பச்சைத் தண்ணீரும். அங்கே பெரிய அம்பாக இடதுபக்கம் காட்டி வரைந்தான். அது போதாதென்று வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வந்து வலதுபக்கப் பாதையை முழுக்க அடைத்தான். கையெல்லாம் கீறி ரத்தம் வந்தது. நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற கவலையில் அது அவனுக்கு உறைக்கவில்லை.

சவாரியன்று காலையில் கூட்டம் நன்றாகவே வந்திருந்தது. நாகேந்திரன் முன்னால் வழிகாட்டிப் போனான். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது அனீஸின் வேலை. பாதி வழியில் முன்னாலிருந்து அலறல் கேட்டது.

மோனிகா என்ற பெண், சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலை செய்பவள், இரண்டு கூட்டத்துக்கு நடுவே தனியாக வந்தவள், குவாரி விளிம்பைத் தாண்டி விழுந்திருந்தாள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைத் திட்டில் கிடந்தாள். நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை.

அனீஸ் பாதை பிரியும் இடத்துக்கு ஓடினான். முள் இல்லை. ஓரமாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. அம்பு வரைந்த பாறையை மறைத்தபடி போட்டோ எடுக்க வந்தவர்களின் பைக் ஒன்று நின்றது. அவன் திரும்பிப் பார்த்தபோது நாகேந்திரன் மூச்சிரைக்க வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"நான்தான்டா எடுத்தேன்" என்றான் தாழ்ந்த குரலில். "குவாரித் தண்ணியில போட்டோ நல்லா வரும்னு ராஜகோபால் சார் சொன்னாரு. போட்டோக்காரனுங்க பைக் போறதுக்கோசரம் முள்ள இஸ்து போட்டேன். திரும்பி அடைக்கணும்னு நெனச்சிகினே இருந்தேன். மறந்துட்டேன்டா."

அனீஸ் ஓரமாகக் கிடந்த முள்ளையே பார்த்தான்.

"நீ இப்ப எதுவும் சொல்லாத. என் வேல போயிடும். நானே ராஜகோபால் சார் கிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன். நானே சொல்றேன்டா."

"சரி" என்றான் அனீஸ்.

அந்த ஒரு சொல்லைத்தான் அவன் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்து நினைத்து நொந்துகொண்டான்.

மோனிகாவைக் கயிறு கட்டி ஏற்றி, துணித் தொட்டிலில் போட்டு ரோட்டுக்குச் சுமந்தார்கள். முன்பக்கத்தைச் சுமந்தது அனீஸ், பின்பக்கத்தை நாகேந்திரன். அவள் முனகவே இல்லை. "என் கால் இருக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று மாலை ஸ்டேஷனில் விசாரணை. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"வழிக்குக் குறி போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அந்த இடத்துல ஏன் அடைக்கல?"

"முள்ளு வச்சு அடைச்சேன் சார்."

"அப்ப காலையில அது எங்க போச்சு?"

அனீஸ் நாகேந்திரனைப் பார்த்தான். அவன் சொல்வதற்கு இதைவிட வசதியான நேரம் வராது. ராஜகோபாலும் பக்கத்திலேயே இருந்தார். நாகேந்திரன் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பி, "நீங்க முன்னாடி போனீங்களே, முள்ளு இருந்துச்சா?" என்றார்.

"நான் ஓடைப்பக்கம் திரும்பிட்டேன் சார். அந்தப் பக்கம் கவனிக்கல" என்றான் நாகேந்திரன். ஒரு கணம் நிறுத்தி, "பாய்தான் எல்லாம் பாத்துகினாரு" என்றான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் அனீஸை அனீஸ் என்றோ டேய் என்றோதான் கூப்பிடுவான். பாய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சபீரா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவனே சொல்றேன்னான்."

"சொன்னாரா?"

அனீஸ் எழுந்து போய்க் கைகால் கழுவினான். சபீரா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்தான். நாகேந்திரன் போனை எடுக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போனால், அப்பாவோடு நகரிக்குப் போயிருக்கிறான் என்று பதில் வந்தது. கடைசியில் அனீஸே ராஜகோபாலுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னான்.

அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். "ஏன் பாய் இத ஸ்டேஷன்ல சொல்லல?"

"நாகேந்திரன் தானே சொல்றேன்னு..."

"ஃப்ரெண்ட் மேல பழி போடுறது நல்லாவா இருக்கு? அவர் உங்களப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்லல தெரியுமா?" என்று வைத்துவிட்டார். போட்டோ எடுக்கச் சொன்னது தான்தான் என்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

சைக்கிள் குழுவின் இணையப் பக்கத்தில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் கவனக்குறைவால் வருந்தத்தக்க விபத்து நடந்துவிட்டது என்று ஒரு அறிவிப்பு வந்தது. பெயர் போடவில்லை. திருத்தணியில் அதற்குத் தேவையும் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு, "பிரேக்க ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாத்துடுங்க பாய்" என்றார்கள். சிலர் வேடிக்கையாகச் சொன்னார்கள். சிலர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. காதர் பள்ளிவாசலிலிருந்து ஒருநாள் சீக்கிரமே திரும்பி வந்து, யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டார். வனத்துறை அந்தத் தடத்தில் பள்ளம் வெட்டி, யாரும் நுழையக் கூடாது என்று பலகை வைத்தது. ஆடு மேய்க்கிறவர்களும் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அவர்களும் அனீஸைத்தான் திட்டினார்கள்.

சித்திரை பிறந்தபிறகு அவன் மோனிகாவைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏறினான். அயனாவரத்தில் ஒரு மாடி வீடு. அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி எடுத்துவைக்கவே வேர்த்துப் போனாள். டாக்டர்கள் நடந்துவிடலாம் என்கிறார்களாம், எப்போது என்றுதான் சொல்லவில்லையாம். தான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தான். மாறவில்லை.

"உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள் அவளே. "அம்பை நான் பாக்கவே இல்ல. அங்க ஒரு பைக் நின்னுச்சு. பக்கத்துல முள்ளெல்லாம் ஒதுக்கிப் போட்டிருந்தது. வழி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

அனீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"ராஜகோபால் சார்கிட்டயே சொன்னேன்." அவள் பார்வையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஆஸ்பத்திரி, பிசியோ எல்லாம் அவர்தான் பாத்துக்கறார். எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான், இனிமே யாரையும் குத்தம் சொல்ல மாட்டோம்னு. நான் வாயத் திறந்தா எல்லாம் நின்னுடும். என்னை மன்னிச்சுடுங்க."

"ஐயோ, நீங்க எதுக்கு" என்றான் அனீஸ். வேறு என்ன சொல்வது? திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்கார மனமில்லாமல் கதவருகிலேயே நின்றான். அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போனதுதான் அவனை அதிகம் குடைந்தது. கல்லையாவது எட்டி உதைக்கலாம். இதை என்ன செய்வது?

அடுத்த கார்த்திகையில் நாகேந்திரன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். சைக்கிள் குழுவின் உள்ளூர்த் தலைவர் இப்போது அவன்தான். டீசர்ட்டில் பெயர் போட்டிருந்தது. அனீஸ் ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, எப்படி இருக்க?"

"இருக்கேன்."

நாகேந்திரன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். காதரின் முட்டியைப் பற்றி விசாரித்தான். பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தான். இந்த வருடம் பள்ளிப்பட்டு பக்கம் சவாரி வைக்கிறார்களாம். அந்தப் பக்கத்துக் குன்றுகளில் எந்தத் தடம் எங்கே சேரும் என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

"நீ ஒரு ரெண்டு வாரம் எங்கூட வந்து காட்டினா போதும். பேரு வெளிய வராம நான் பாத்துக்கிறேன்."

அனீஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "என் பேரு வெளிய வராம பாத்துக்குவியா?"

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். ஜனங்க இன்னும் மறக்கல."

"நீ?"

நாகேந்திரன் எழுந்துகொண்டான். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது அனீஸ். வேல போயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? உனக்குக் கட இருக்குது. நீ தாங்குவன்னு நெனச்சேன்."

"அன்னிக்கி என்ன ஏன் தூக்கிகினு வந்த?" என்று கேட்டான் அனீஸ். "அந்த ஓடையிலேயே விட்டுட்டு வந்திருக்கலாம்."

நாகேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரர் வரவும், "சரி பாய், வரேன்" என்று பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டான். பள்ளிப்பட்டு சவாரி அனீஸ் இல்லாமலே நடந்தது. பெரும்பாலும் தார் ரோட்டிலேயே ஓட்டினார்களாம். போட்டோக்கள் நன்றாக வந்திருந்தன.

அனீஸ் சைக்கிளை விற்கவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் போகிறான், ஆனால் மலைப்பக்கம் இல்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே சமதரையில் ஓட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறான். சட்டை கிழிவதில்லை.

போன மாதம் அப்படிப் போனபோது, எதிரே நான்கைந்து பேர் புது சைக்கிள்களில் வந்தார்கள். எல்லோரும் சென்னைக்காரர்கள். முன்னால் வந்தவர் அவன் சைக்கிளின் டயரைப் பார்த்துவிட்டுப் பிரேக் பிடித்தார்.

"அண்ணே, நீங்க இந்தப் பக்கம்தானே? இந்த மண் ரோடு மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேருமா?"

சேராது. வாய்க்கால் கரையில் போய் அறுந்துவிடும். கொஞ்சம் பின்னால் போய்ப் பம்புசெட்டருகில் திரும்பினால் நல்ல வழி ஒன்று இருந்தது. முன்பென்றால் அவனே முன்னால் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பான்.

"தெரியாதுங்க" என்றான் அனீஸ்.

அவர் நன்றி சொல்லிவிட்டு மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அங்கிருந்து போய்விட வேண்டும் என்று அனீஸ் பெடலை அழுத்தி மிதித்தான்.