முரியலுக்குக் குட்டி வேண்டுமா?

கிளெண்டா சக்டனுக்குத் தன் முன்னாள் மாமியாரைக் கண்டாலே ஆகாது. அதனால்தான் நாய்க்கு முரியல் என்று அந்த அம்மாள் பெயரையே வைத்தாள். "முரியல், உக்காரு! முரியல், வாய மூடு!" என்று கீத்லி ஊர்ச் சந்தைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி அதட்டுவதில் அவளுக்கு ஒரு தனிச் சுகம். புருஷனை விவாகரத்து செய்தவள், அவன் குடும்பப் பெயரை மட்டும் விடவில்லை. கடைப் பலகையை மாற்றி எழுதச் செலவாகுமாம்.

அவளுடையது பன்றி இறைச்சிக் கடை. எதிரே என் கம்பளி நூல் கடை. இறைச்சி விற்கும் இடத்தில் நாய் இருக்கக் கூடாது என்று சுகாதார அதிகாரி ஒருமுறை கத்திவிட்டுப் போனதிலிருந்து, முரியல் பகலெல்லாம் என் கடையில் நூல் கூடைக்குள்தான் கிடக்கும். யார்க்‌ஷயர் டெரியர். உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் உட்கார்ந்துவிடும். ஆனால் கொழுத்த ரொட்வைலர் நாயைப் பார்த்தால்கூட, "வாடா பாத்துக்கலாம்" என்று பாயும்.

வம்பை இழுத்துக்கொண்டு வந்தவர் கிளிஃபர்ட் பாரக்ளஃப். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது. தினமும் காலையில், பன்றி ரத்தத்தில் செய்கிற ரத்தப் புட்டு வாங்க வருவார். கூடவே முரியலின் இனத்து ஆண் நாய் மான்ட்டியும் வரும். ஒருநாள் மான்ட்டி என் கூடையை விட்டு நகரவே இல்லை.

"யோவ் கிளிஃபர்ட், உன் பயல இழுய்யா. பொண்ணு பாக்க வந்தவனாட்டம் மோந்துக்கிட்டு நிக்கிறான்" என்றாள் கிளெண்டா.

"பொண்ணு பாக்கத்தான் வந்திருக்கான். மூணு வயசாச்சு உன் மகளுக்கு. இப்ப சேத்தாத்தான் உண்டு."

"அவ ரெண்டு கிலோகூட இல்லய்யா. தாங்குவாளா?"

"முன்ன நான் வளத்த டிங்கர் இவளவிடச் சிறுசு. நாலு குட்டி! பட்டாணி உரிக்கிற மாதிரி பொளக்கு பொளக்குன்னு வந்து விழுந்துச்சு. ஒரு சத்தம் இல்ல."

அவ்வளவுதான். மதியத்துக்குள் சந்தை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இறைச்சி சுற்றும் தாளின் பின்பக்கத்தில் குட்டி கேட்டவர்களின் பெயர்களைக் கிளெண்டா எழுத ஆரம்பித்தாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். "ஒம்பது போட்டா அவ நாய் இல்ல, பன்னி" என்றேன். "அப்பவும் என் கடைக்குத்தான் லாபம்" என்றாள்.

ஆனாலும் அவள் முட்டாள் இல்லை. இனச்சேர்க்கைக்கு முன்னால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்று கிளம்பினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

காத்திருக்கும் அறையில் வரவேற்புப் பெண், "முரியல் சக்டன்!" என்று கூப்பிட்டாள். மூலையில், மடியில் பூனைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைத்தலை அம்மாள் எழுந்து நின்றார். அசல் முரியல் சக்டன். கிளெண்டாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"என்னயா கூப்ட்டாங்க?" என்றார் அந்த அம்மாள்.

"இல்ல... இவள" என்று கிளெண்டா கூடையைக் காட்டினாள்.

அந்த அம்மாள் நாயைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கிளெண்டாவைப் பார்த்தார். "பரவால்ல, முடியாச்சும் என்னுதவிட நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். 

டாக்டர் ஓர்லா, அயர்லாந்துக்காரி. முரியலை எடை போட்டார். ஒரு கிலோ தொள்ளாயிரம். பின்கால்களை மடக்கிப் பார்த்தார். முழங்கால் சில்லு இரண்டு பக்கமும் இடம்விட்டு நழுவியது. இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"வேணாம்னு சொல்வேங்க. இடுப்பு ரொம்ப ஒடுக்கம். இவ்ளோ சின்ன உடம்புல ஒண்ணோ ரெண்டோ குட்டிதான் நிக்கும். ஒண்ணு மட்டும் நின்னா அது பெருசா வளந்து வழியில மாட்டிக்கும். வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். முட்டி நழுவறது குட்டிங்களுக்கும் வரும்."

"என் இடுப்புல பாதிய அவளுக்குக் குடுத்துரலாமா டாக்டரம்மா? எனக்கு மிச்சமாத்தான் இருக்கு."

டாக்டர் சிரித்தார். கிளெண்டா சிரிக்கவில்லை. "சரி, எல்லாம் முறையா செஞ்சா? ரத்தம் பாக்கறது, ஸ்கேன் எடுக்கறது, நாள் குறிச்சு ஆபரேஷன் பண்றது... நீங்க சொல்றதெல்லாம் பண்றேன். அப்ப?"

"ஆபத்தக் கொறைக்கலாம். ஆனா இவளப் பெருசாக்க என்னால முடியாது. பிரசவம் நல்லபடியா முடிஞ்சாலும் அப்புறம் பால் குடுக்கறப்ப ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து கொறஞ்சுரும். சின்ன நாய்ங்களுக்கு அதுதான் எமன். முடிவு உங்களுது."

திரும்பி வரும் வழியில் கிளெண்டா பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று, "எனக்கு ஒண்ணும் குட்டி விக்கணும்னு ஆசையில்ல. இவ போயிட்டா என்ன பண்ணுவேன்? இவ மாதிரியே ஒண்ணு இருந்தாத் தேவலன்னு பாத்தேன்" என்றாள்.  முரியல் அவள் கையிலிருந்த டிக்கெட்டைத் தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் சொன்னதைக் கேட்ட கிளிஃபர்ட், "இந்த டாக்டருங்களுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார். அதில் கிளெண்டா மறுபடியும் ஊசலாடினாள். டிங்கர் எப்படிப் பெற்றது, என்ன தீனி போட்டார்கள் என்று நேரில் கேட்டுவிட, ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் சாசேஜோடு அவர் வீட்டுக்கே போய்விட்டாள். கிளிஃபர்ட் மான்ட்டியோடு ஆற்றங்கரைப் பக்கம் போயிருந்தார். அவர் மனைவி ஹில்டாதான் இருந்தார்.

"நாலு குட்டின்னு சொன்னாரா?" ஹில்டா கெட்டிலை அடுப்பில் வைத்தபடியே கேட்டார். "சொல்லுவார். மிச்சத்தச் சொன்னாரா?"

"என்ன மிச்சம்?"

"மூணாவது வாரம் டிங்கருக்கு ஒடம்பு உதற ஆரம்பிச்சுது. குளிர்னு நெனச்சு இந்த மனுசன் தூக்கிக் கணப்புக்கிட்ட படுக்க வெச்சார். காலெல்லாம் கட்டையாட்டம் வெறச்சுப் போச்சு. டாக்டர்கிட்டக் கொண்டு போய் எறக்கும்போது உயிரில்ல. சுண்ணாம்புச் சத்து ஊசி ஒண்ணு நேரத்துல போட்டிருந்தாப் பொழச்சிருக்கும்னாங்க. குட்டிங்களுக்கு நான்தான் புட்டிப்பால் குடுத்தேன். ரெண்டு செத்துது."

கிளெண்டா டீயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பொழச்சதுல ஒண்ண நானே வெச்சுக்கிட்டேன். பதினோரு வருசம். டிங்கர் மாதிரி இருக்கும்னு பாத்தேன். இருந்துச்சாக்கும்! சோம்பேறி, திருடி, வாசல்ல மணி அடிச்சா மேசைக்கடியில ஒளிஞ்சுக்கும். நல்ல நாய்தான். ஆனா அது வேற நாய்."

திங்கட்கிழமை காலை கிளெண்டா பெயர்கள் எழுதிய அந்தத் தாளை எடுத்து அதிலேயே பன்றிக் காலைச் சுற்றி யாருக்கோ விற்றுவிட்டாள். குட்டி கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து முறைத்தார்கள். "வேணும்னா நாய்க் காப்பகத்துக்குப் போங்க. அங்க நெறைய நிக்குது, உங்கள மாதிரியே பல்லு போனதுங்க" என்று விரட்டினாள். முரியலுக்குக் கருத்தடை அறுவைக்கு நாள் குறித்தாள்.

அன்று நாங்கள் டாக்டர் வாசலை அடைந்தபோது அங்கே கிளிஃபர்ட் நின்றிருந்தார். சர்ச்சுக்குப் போகிறவர்போலக் கோட்டும் டையும். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. முரியலை உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். தொப்பியைத் திருகினார்.

"ஹில்டா சொல்லிட்டாளாமே" என்றார்.

"சொன்னாங்க."

"டிங்கர் ஒதறினா. குளிர்னு நெனச்சேன். கணப்புல ரெண்டு கட்ட கூடப் போட்டேன்." தொப்பியையே பார்த்தார். "நாலு குட்டின்னு சொல்லும்போது அதோட நிறுத்திக்கிட்டா, நல்லா முடிஞ்ச மாதிரி இருக்கும் கிளெண்டா."

அவர்மேல் கிளெண்டாவுக்குக் கோபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரைத் திட்ட என்னென்ன வார்த்தை சேர்த்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பாதியை என்னிடம் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனால் தன் பையிலிருந்த ஹாம் சாண்ட்விச்சைப் பிய்த்துப் பாதியை அவரிடம் நீட்டினாள். "தின்னுய்யா. மூஞ்சி சுண்டிப் போய்க் கெடக்கு" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஓர்லா வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தினார். பின்னாலேயே நர்ஸ் கையில் முரியல் வந்தது, ஒரு துண்டில் சுருட்டி, நாக்கு ஒருபக்கம் தொங்க, வயிறு வழுவழுவென்று மழித்து. கிளெண்டா அதை வாங்கிக் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். "முடியக் கோணலா வெட்டியிருக்கீங்க" என்று டாக்டரிடம் குறை சொன்னாள்.

கிளிஃபர்ட் தன் காரில் எங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், அன்று இருபது மைல் வேகத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நின்று நின்று போனார். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. யாரோ விடாமல் ஹார்ன் அடித்தார்கள். கிளெண்டா நாயின் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அச்சில் ஏற்ற முடியாத ஒன்றைச் சொன்னாள்.