கோட்டைப்பட்டினத்துக் கடலில் விழுந்த காற்று

காலை 7.00. புதுக்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்திலிருந்து பலூனை விட்டோம். முப்பது கிலோமீட்டர் உயரம் போய் வெடிக்கும் பலூன் அது. அதில் கட்டிய குழாய்ச் சுருள் மட்டும் பாராசூட்டில் இறங்கும். இறங்க இறங்க ஒவ்வொரு உயரத்துக் காற்றும் குழாய்க்குள் வரிசையாகப் புகுந்துகொள்ளும். விழுந்ததும் வாய் தானாக மூடிக்கொள்ளும். நான்கு மணி நேரத்துக்குள் அதை வேனில் இருக்கும் கருவியில் மாட்டியாக வேண்டும். தாமதித்தால் உள்ளே காற்று ஒன்றோடொன்று கலந்துவிடும், எல்லாம் வீண். போன இரண்டு முறையும் கோட்டை விட்டோம். இதுவும் போனால் பலூன் விடும் இடத்தையே வடக்கே மாற்றிவிடுவதாக என் மேலதிகாரி சொல்லிவிட்டார். நான் இதே மாவட்டத்துக் கீரமங்கலத்துக்காரி. எனக்கு எப்படி இருக்கும்?

9.15. அறந்தாங்கியில் பன்னிரண்டு ரூபாய் டீயைப் பாதி குடித்திருந்தோம். ஆவுடையார்கோயில் பக்கம் ஏதாவது காய்ந்த கண்மாயில் விழும் என்பது என் கணக்கு. சுருள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி திரையில் கடலுக்குள் போய் நின்றது. "நல்லா கணக்குப் போட்டீங்க மேடம்" என்றார் டிரைவர் செல்வம். மீதி டீயை வைத்துவிட்டு வேனில் ஏறினேன். நாகுடி வழியாக முப்பத்துநான்கு கிலோமீட்டரையும் அவர் விரட்டிக்கொண்டு போனார்.

10.00. கோட்டைப்பட்டினம். கரை முழுக்கப் படகுகள், ஒன்றும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை நாளில் மீன்பிடிக்கப் போவதில்லை என்பது அங்கே ஊர்க் கட்டுப்பாடு. மாவட்டத்திலேயே பிறந்தும் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். நாட்டுப்படகுக்காரர் காதர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கடலில் விழுந்த எங்கள் பெட்டியை எடுக்கப் படகு வேண்டும் என்று கெஞ்சினேன்.

"அப்படி என்னம்மா இருக்கு அதுல?"

"காத்துண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கினேன். மழை மேகத்துக்கெல்லாம் மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. கீழ்க்காற்று அதற்குள் ஏறுவது பெரும்பாலும் நம்மைப் போன்ற வெயில் ஊர்களின் தலைக்கு மேலேதான். ஏறி, வருடக்கணக்கில் மெதுவாக நகர்ந்து, துருவங்களின் பக்கம் இறங்கும். பூமி சூடாக ஆக இந்தச் சுற்று வேகமெடுக்கும் என்கிறார்கள். நிஜமா என்று பார்க்க மேல்காற்றின் வயது தெரிய வேண்டும். கரியமில வாயு வருடா வருடம் கூடிக்கொண்டே போவதால், அந்தக் காற்றில் அது எவ்வளவு என்று பார்த்தால் காற்று கீழிருந்து எப்போது கிளம்பியது என்று தெரியும்.

"அப்ப ஒலகத்துக்கே காத்து இங்கிட்டிருந்துதான் மேல ஏறுதா?"

"இங்க மட்டும் இல்லண்ணே. ஆனா நம்ம ஊரும் ஒண்ணு."

காதர் எழுந்தார். படகிலிருந்த வலையை எல்லாரும் பார்க்க மணலில் இறக்கி வைத்தார். தூண்டிலையும் விடவில்லை, எடுத்துப் போட்டார். "மீனுக்குப் போனாத்தானே தப்பு. நாம ஒரு சாமானை எடுத்தாரப் போறோம். ஜும்மாவுக்கு முன்னாடி திரும்பிடணும், ஏறுங்க."

11.10. கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் பாராசூட்டின் ஆரஞ்சுத் துணி மிதந்தது. சுருள் இருந்த தெர்மாகோல் பெட்டி முழுகவில்லை. காதர் குனிந்து பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினார். குழாயின் வாய் மூடியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புத்தண்ணி தெறித்தது என்று சமாளித்தேன்.

12.05. வேனில் சுருளை மாட்டினோம். கருவியின் திரையில் கோடு படிப்படியாக ஏறி இறங்கிற்று, உயரத்துக்கு உயரம் வேறு வேறு அளவு. காற்று கலக்கவில்லை. உச்சியிலிருந்து வந்த காற்று சில வருடங்களுக்கு முன் பூமியை விட்டுக் கிளம்பியது. சுற்று வேகமெடுத்துவிட்டதா என்பதை இந்த ஒரு குழாயை வைத்துச் சொல்ல முடியாது. மாதா மாதம், வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அதற்கு இந்த இடம் நம் கையில் இருக்க வேண்டும். அதிகாரிக்குப் படத்தை அனுப்பினேன். "இடம் மாற்ற வேண்டாம்" என்று மூன்றே சொல்லில்தான் பதில் வந்தது. மனுஷன் என்றைக்கும் அப்படித்தான்.

2.00. தொழுகை முடிந்து காதர் வெள்ளைச் சட்டையில் வந்தார், கூடவே ஏழெட்டுப் பேர். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். எல்லாரும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

நான் வேலை பார்க்கும் பெங்களூரில், இதை ஏன் போயும் போயும் அங்கே அளக்கிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. வேன் கிளம்பும்போது காதர் கேட்டது ஒன்றுதான்.

"அடுத்தது என்னைக்கு விடுறீங்க? சொல்லிருங்க, எடுத்தார படகுக்கு ஒரு ஆள் கரையிலயே இருப்போம்."