பிரிகிட்டே அழித்த படங்கள்

பிரிகிட்டே இறந்துவிட்டார் என்று, அவர் வேலை செய்த அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் சொன்னார். சொன்ன கையோடு, ஜெர்மனியில் எங்கள் பீலெஃபெல்ட் நகரத் தமிழ்ப் பாடசாலையில் அவர் நடத்திய வகுப்புகளின் படங்கள், ஒலிப்பதிவுகள் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்றும் கேட்டார். அழுகை வருவதற்கு முன்னால், எதற்குக் கேட்கிறார் என்ற சந்தேகம்தான் எனக்கு வந்தது. அது என் சுபாவம். என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும், பிரிகிட்டேக்கும் தெரியும்.

பிரிகிட்டே அகழாய்வாளர். அலாஸ்காவின் பூர்வகுடிகளான யூபிக் மக்களின் கடலோரக் கிராமம் ஒன்றில் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மண்ணைத் தோண்டியவர். பிள்ளைகள் எடுக்கும் மரப்பொம்மைக்கும் முகமூடிக்கும் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்களாம். "பொருளை நான் தோண்டி எடுக்கலாம். கதை அவர்களுடையது" என்பார். அதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒரு சனிக்கிழமை வந்து நின்றார். நான் அங்கே படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

சம்பளம் கேட்காமல் ஒரு ஜெர்மன்காரி ஏன் வருகிறார்? பாடசாலைக்குப் பொறுப்பாக இருந்த குணம் அண்ணையிடம் கேட்டேன்.

"பிள்ளையளிட்டைக் கதை கேக்கிறவை சும்மா கேக்கமாட்டினம். ஒரு கண் வைச்சிருங்கோ, ரீச்சர்" என்றார்.

வைத்திருந்தேன். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. இலங்கையிலிருந்து எப்படி வந்தோம் என்பதைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று மகள் துளசிக்குச் சொல்லியிருந்தேன். பிரிகிட்டேயின் பைக்குள் கமரா இருக்கிறதா என்றுகூட ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஒரு ஆப்பிளும் கையுறையும் இருந்தன. அதுவும் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

யூபிக் சிறுமிகள் ஈரச் சேற்றைத் தடவிச் சமப்படுத்தி, மழுங்கிய கத்தியால் படம் கீறிக்கொண்டே கதை சொல்வார்களாம். அடுத்த காட்சி வந்ததும் முந்தினதை அழித்துவிடுவார்களாம். பிரிகிட்டே தட்டுகளில் ஈரக் களிமண் பரப்பி, வெண்ணெய் பூசும் கத்திகளைக் கொடுத்து, அவரவர் வீட்டுக் கதையைச் சொல்லச் சொன்னார். துளசி ஒரு லொறியைக் கீறினாள். அதற்குள் ஒளிந்து படுத்திருக்கும் ஆட்களைக் கீறினாள். "இது அம்மா" என்றாள்.

நான் கிட்டப் போவதற்குள் பிரிகிட்டே அவள் கையைப் பிடித்துச் சேற்றின்மேல் வைத்தார். இருவருமாக அழித்தார்கள்.

"அந்த ஊரில் யாரும் இதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை" என்று என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நானும்தான்."

அப்போதும் நான் நம்பவில்லை. வதிவிட அனுமதி கிடைத்த பிறகுதான் அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே குடித்தார்.

தொலைபேசியில் அந்தப் பெண் காத்திருந்தார். ஒன்றும் இல்லை என்றேன். ஒரு படம்கூடவா இல்லை என்று நம்பாமல் கேட்டார். அந்தச் சந்தேகக் குரல் எனக்கு நன்றாகப் பழகிய குரல், என்னுடைய குரலே அதுதான். ஒன்றுகூட இல்லை என்றேன். பிரிகிட்டே எங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. என் மகளின் கைமேல் இருந்த அவருடைய அந்தச் சேற்றுக் கையை மட்டும் நான் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.