கூடையில் துவண்ட கோழி

இன்று மதியம் ஒடுகத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த மலைக்கார அம்மாவின் கூடையில் ஒரு கோழி துவண்டு கிடந்தது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் நான் சட்டென்று எழுந்து நின்றுகொண்டேன்.

“இன்னாங்க, கோழிக்கா பயம்?” என்றார்.

“பறவைக்காய்ச்சலா இருந்தா என் பண்ணைக்கும் ஒட்டிக்குமேம்மா.”

“எங்க வூட்ல வருஷா வருஷம் நாலஞ்சு சாவுது. பொதைச்சுட்டு வேலைய பாக்கறோம்.”

“உங்களச் சுத்தி காடு. என் பண்ணையச் சுத்தி இருந்த கடலைக் கொல்லையெல்லாம் இப்ப வூடுங்க. ஒரு கோழி செத்தா போதும், பண்ணைய மூடுன்னு வந்து நிப்பாங்க.”

“அப்ப நோயப் பாத்து பயமில்ல, பக்கத்து வூட்டப் பாத்துதான்!”

இறங்கியதும் அவரைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வெயிலில் தண்ணீரில்லாமல் வந்த களைப்புதான் என்றார் டாக்டர்.

ஆனாலும் குளித்துவிட்டுத்தான் பண்ணைக்குள் போனேன். அதுவும் பக்கத்து வீட்டார் பார்க்கும்படி, வாசல் குழாயடியில்.